ஏரியல் திரும்பிய ஊர்

எங்கள் ஊர் முத்தந்துறையில், ஐஸ் பிளான்டின் மாடியில் நின்ற வயர்லெஸ் ஏரியல், கரண்டும் இல்லாமல் காற்றும் இல்லாமல், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊருக்குள் திரும்பிய அந்த மத்தியானத்தில் நான் அதற்கு நேர் கீழே ஐஸ் உடைக்கிற மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். ஆகையால் அது திரும்பியதை நான் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொல்கிற நாற்பது பேரில் பாதிப் பேர் அந்த நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் பெயர் தொபியாஸ். இருபது வருஷமாக அந்த மிஷினை ஓட்டுகிறேன். ஐஸ் விற்கிறவனை எல்லோரும் சந்தேகப்படுவார்கள், ஐஸ் பார் கரைந்திருக்கிறது, பார் குட்டையாக இருக்கிறது என்பார்கள், பதிலுக்கு நானும் எல்லோரையும் சந்தேகப்படப் பழகிக்கொண்டேன்.

ஏரியலைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கஸ்பாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடிக் கச்சான் காற்று வீட்டு ஓடுகளையெல்லாம் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில் கஸ்பாரும் சிலுவையும் ராயப்பனும் போன வள்ளம் கவிழ்ந்தது. சிலுவையும் ராயப்பனும் காலி டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறுநாள் கரை சேர்ந்தார்கள், கஸ்பார் சேரவில்லை. கவிழ்வதற்கு முன்னால் கஸ்பார் கை வயர்லெஸ்ஸில் நாலு தடவை கூப்பிட்டானாம், கரையிலிருந்து ஒரு பதிலும் வரவில்லையாம், வந்திருந்தால் பக்கத்தில் தொழில் செய்துகொண்டிருந்த விசைப்படகுகள் அரை மணியில் போயிருக்கும். கரையில் வயர்லெஸ் ரூமில் உட்கார்ந்திருந்தவன் பிலவேந்திரன், என் மனைவி ஜெசிந்தாவின் கூடப்பிறந்த அண்ணன்.

அந்த ரூம் ஐஸ் பிளான்டின் மாடியில் இருந்தது, இருபத்திரண்டு படி ஏற வேண்டும். ரூமுக்கு மேலே குழாயில் ஏரியல், அதைச் சுற்றுவதற்கு ஒரு மோட்டார், மோட்டாரைச் சுற்றுவதற்கு மேஜை மேல் ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு முள். பொத்தானை அமுக்கினால் ஏரியல் திரும்பும், எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று முள் காட்டும். கடல் நூற்று முப்பத்தைந்தில் இருக்கிறது. மத்தியானம் இரண்டரையிலிருந்து மூன்று வரை வள்ளங்கள் கரையைக் கூப்பிடுகிற நேரம், அந்த அரை மணி நேரம் கீழே என் மிஷின் ஓடக் கூடாது, ஓடினால் மேலே வயர்லெஸ்ஸில் ஒரே கரகரப்பாக வந்து மனுஷக் குரலைத் தின்றுவிடும். மறதியாக ஓட்டிவிட்டால் பிலவேந்திரன் துடுப்புக் கட்டையால் தரையில் மூன்று தட்டு தட்டுவான், நான் நிறுத்திவிடுவேன். இது எங்களுக்குள் பதினோரு வருஷத்துப் பழக்கம், யாரும் எழுதி வைத்ததில்லை.

கஸ்பார் கூப்பிட்டபோது ஏரியல் கடலைப் பார்த்துதான் இருந்தது, தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று பிலவேந்திரன் சொன்னான். ஊர்க் கமிட்டிக்கு இரண்டே வழிதான் தெரிந்தது. பெட்டி பழுது என்றால் பிலவேந்திரன் நல்லவன், பெட்டி சரி என்றால் அவன் தூங்கியிருக்கிறான். தூங்கியிருந்தால் கோயில் கொடியேற்றத்துக்கு முன்னால் அவனை ஊர்விலக்கு செய்வது, தண்ணீர்க் குழாயும் கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. கமிட்டித் தலைவர் கயித்தான், கஸ்பார் பெண்டாட்டி அமலோற்பவத்தையும் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார். கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்ற அவள், “எனக்கு யாரையும் தண்டிக்க வேண்டாம். என்ன நடந்துச்சின்னு தெரிஞ்சாப் போதும்” என்று மட்டும் சொன்னாள்.

பெட்டியைச் சோதிக்கத் தூத்துக்குடியிலிருந்து ஜெசிமா மேடம் வந்தார். நாற்பது வயசு, முக்காடு போட்டவர், கையில் ஒரு தகர டப்பா. அவர் சோதித்ததை நான் கூடவே நின்று பார்த்தேன். பெட்டியைத் திறந்து பியூஸைப் பார்த்தார், கண்டென்சரைக் கழற்றிப் பார்த்தார், மோட்டாருக்குப் போகிற ஆறு வயரையும் ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தார், குழாய் மேல் ஏறி உப்பு பூத்த முனைகளைச் சுரண்டித் துடைத்தார், பெட்டி முள் காட்டுகிற இடத்தில்தான் ஏரியல் நிற்கிறதா என்று கையில் திசைகாட்டி வைத்து எட்டுத் திசையிலும் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாக, “பழுதக் கண்டுபிடிக்கணும்னா அன்னைக்கு நடந்தத அப்படியே திரும்ப நடத்திப் பாக்கணும்” என்று சொல்லி, சிலுவையையும் ராயப்பனையும் அதே இடத்துக்கு அனுப்பி அதே நேரத்தில் கூப்பிடச் சொன்னார்.

“கீழ அந்த மிஷின் அன்னைக்கு ஓடுச்சா?” என்று என்னிடம் கேட்டார்.

“கூப்பிடுத நேரத்துல ஓட்ட மாட்டோம், மேடம்” என்றேன்.

அவர் பிலவேந்திரனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். இரண்டு நாற்பதுக்குச் சிலுவையின் குரல், பக்கத்து வீட்டிலிருந்து பேசுகிற மாதிரி தெளிவாக வந்தது. பெட்டி சரி, வயர்லெஸ் சரி, ஏரியல் சரி என்று ஜெசிமா மேடம் எழுதிக் கொடுத்தார், அந்தக் காகிதத்தை வாங்கும்போதும் பிலவேந்திரன் வாயைத் திறக்கவில்லை. மடியில் கனம் இருக்கப் போய்த்தான் வாய் திறக்க மாட்டேன் என்கிறான் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் இரண்டு நாற்பதுக்குத்தான் ஏரியல் திரும்பியது.

முதல் நாள் அது போய் நின்றது இருநூற்றுப் பத்தில், அங்கே இருந்தது கோயில் ஜெபக் குழுவான மரியாயின் சேனையின் தலைவி மெலிட்டா அக்காளின் வீடு. ஜெசிமா மேடத்துக்குப் போன் போட்டார்கள், அவர் திரும்ப வந்து கரண்டைப் பிடுங்கினார், ஆறு வயரையும் கழற்றித் தரையில் போட்டார், மீட்டர் வைத்தார், பூஜ்யம். மோட்டாருக்குள் பிரேக் இருக்கிறது, நாலு ஆள் சேர்ந்து தொங்கினாலும் குழாய் அசையாது என்று சொன்னார். இரண்டாம் நாள் அவர் கண் முன்னாலேயே இரண்டு நாற்பதுக்கு அது சாவகாசமாகத் திரும்பி மறுபடி மெலிட்டா அக்காளின் வீட்டுக்கு நேராக நின்றது, கழற்றிப் போட்ட பெட்டியிலும் முள் நகர்ந்து இருநூற்றுப் பத்தைக் காட்டியது. “பழுது ஒண்ணும் இல்ல” என்று அவர் மறுபடியும் எழுதிக் கொடுத்தார்.

குற்றவாளியைக் காட்டுகிறது என்று ஊர் முடிவு செய்ய அரை நாள்கூட ஆகவில்லை. மெலிட்டா அக்காள் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள், மூன்றாம் நாள் இருபத்திரண்டு படியும் ஏறி, வயர்லெஸ் பெட்டி முன்னால் நின்று, மாதா கிரீடத்தைப் புளி போட்டு விளக்கும்போது ஒரு சிவப்புக் கல் கழன்று சாக்கடையில் போனதையும், அதற்குப் பதில் பேத்தியின் தோட்டிலிருந்து கண்ணாடிக் கல்லை ஒட்டி வைத்ததையும் சொல்லி அழுதாள். அவள் அழுது முடித்ததும் ஏரியல் அவளை விட்டுவிட்டு இருநூற்று நாற்பதுக்குப் போனது. அதிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. யாரை ஏரியல் பார்க்கிறதோ அவர் படி ஏற வேண்டும், பெட்டிக்கு முன்னால் நின்று மறைத்ததைச் சொல்ல வேண்டும், சொன்னால் அது நகரும், சொல்லாவிட்டால் நாளைக்கும் அங்கேயே நிற்கும்.

ஊருக்கு எதையும் பழக்கமாக்கிக்கொள்ள அதிக நாள் ஆகாது. ஆட்களுக்குப் பேர் போய் டிகிரி வந்தது, இருநூற்று அறுபது வீட்டுக்காரி உப்பு கேட்டு வந்தாள் என்று ஜெசிந்தா சாதாரணமாகச் சொன்னாள். பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குள் நுழையும் முன்னால், இதுவரை இந்த வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று விசாரித்தார்கள். ஏரியல் ஒரு வீட்டை மட்டும் காட்டாமல் அந்தத் திசையில் இருக்கிற ஏழு வீட்டையும் காட்டியதால், ஏழு பேரும் அது தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வீடு என்றார்கள். கயித்தான் மாடியிலிருந்து தூண்டில் நரம்பைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் எந்த வாசலில் முட்டுகிறது என்று பார்க்கிற வேலையைக் கமிட்டியின் செலவில் ஆரம்பித்தார், மூன்றாம் நாள் நரம்பு அவர் வாசலிலேயே முட்டியதால் அந்த வேலை நின்றது. இரண்டு மணி பஸ்ஸில் திடீரென்று கூட்டம் தாங்கவில்லை, வேலை ஒன்றும் இல்லாமல் தூத்துக்குடி போய் மூன்றரைக்குத் திரும்பி வந்தார்கள். சாமியார் பிரசங்கத்தில் இதையெல்லாம் நம்பாதீர்கள் என்றார், ஆனால் அடுத்த சனிக்கிழமை, ஊர் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தன நேரத்தை இரண்டு மணிக்கு மாற்றிக்கொண்டார்.

நான் பயப்படவில்லை. நான் மத்தியானத்தில் ஐஸ் பிளான்டை விட்டு நகர்வதில்லை, ஏரியலுக்கு நேர் கீழே இருப்பவனுக்கு டிகிரி கிடையாது. ஏரியல் சுற்றும், குனியாது. என் வீட்டுப் பக்கம் அது ஒரு தடவைகூடத் திரும்பவில்லை என்று ஜெசிந்தா தெருக் குழாயில் பெருமை பேசினாள். ஆனால் அண்ணன் பெயர் வந்தால் அவளுக்குக் கண் கலங்கிவிடும். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

பின்பு ஏரியல் சிலுவையின் வீட்டில் நின்றது. படி ஏறி வந்தவன், கஸ்பார் நாலு தடவை கூப்பிட்டது நிஜம், ஆனால் இன்னொரு தடவை கூப்பிட அவன் வாயைத் திறந்தபோது, தானும் ராயப்பனும் பயத்தில் வயர்லெஸ்ஸைப் பிடுங்கப் போய் அது தண்ணீரில் விழுந்துவிட்டது என்று சொன்னான். அமலோற்பவம் மூலையில் நின்று கேட்டாள். அவள் தினமும் அந்த ரூமுக்கு வந்துவிடுவாள், ஊர் சொல்கிற எல்லா அழுக்கையும் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்பாள், தன் புருஷன் பெயர் எதிலாவது வருகிறதா என்று காத்திருப்பாள். அன்றைக்கு ஜெசிமா மேடமும் இருந்தார். ஒருத்தரும் கூப்பிடாமலே வாரத்துக்கு இரண்டு தடவை அவர் வந்துகொண்டிருந்தார்.

“நீங்க எல்லாரும் அதத் தப்பாவே பாக்குறீங்க” என்றார் அவர். “குத்தம் சொல்லுறதுக்கு ஏரியலுக்கு விரலா இருக்கு? அது காதுங்க. எங்க இருந்து சத்தம் வரணுமோ அந்தப் பக்கம் திரும்புது, அவ்வளவுதான். இங்க யாரோ ஒரு ஆள் இன்னும் பேசல.”

சொல்லிவிட்டு அவர் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு அவர் மேல் அன்றிலிருந்து சந்தேகம் வந்தது.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் வந்தது. பிலவேந்திரன் இன்னமும் பேசவில்லை. அவன் வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஐஸ் பிளான்டுக்கு வந்து ரூம் சாவியை என் கையில் கொடுத்தான்.

“மாப்ள, தங்கச்சிய நல்லாப் பாத்துக்கிடுங்க” என்றான்.

“நீங்க எங்க மச்சான் போறிய?” என்றேன்.

“எங்கயாவது. நான் சொல்லுததுக்கு ஒண்ணும் இல்ல. சொல்ல வேண்டியவுக சொல்லட்டும்னுதான் இத்தன நாளும் பாத்தேன்.”

அவன் போன பிறகு நான் காரணமே இல்லாமல் தரையை மூன்று தடவை கழுவினேன்.

அன்றைக்கு மத்தியானம் ஊரே ஐஸ் பிளான்டின் முன்னால் கூடியது. பிலவேந்திரன் எப்படிப் போகிறான் என்று பார்க்க வந்த கூட்டம் அது. ஏரியல் அவன் பக்கம் திரும்பும் என்று பலர் பந்தயம் கட்டியிருந்தார்கள். இரண்டு நாற்பதுக்கு ஏரியல் வலது பக்கம் கொஞ்சம் போனது, இடது பக்கம் கொஞ்சம் வந்தது, அப்புறம் குனிந்தது. குழாய் வளையவில்லை, கிளாம்பு கழலவில்லை, தொட்டிலில் கிடக்கிற பிள்ளையை எட்டிப் பார்க்கிறவள் மாதிரி மாடி விளிம்பைத் தாண்டிக் குனிந்து, தன் நுனியை ஐஸ் பிளான்டின் வாசலுக்குள் நீட்டியது. உள்ளே நானும் முப்பது பார் ஐஸும் இருந்தோம்.

“எல லாரன்சு, உள்ள வேற யாரும் இருக்காங்களான்னு பாரு” என்று கயித்தான் முன்னால் நின்ற ஒரு பையனை ஏவினார்.

வேறு யாரும் இல்லை. நான் இருபத்திரண்டு படியையும் ஏறினேன். என் பின்னால் ஊர் ஏறியது, பிலவேந்திரனும் ஜெசிந்தாவும் ஜெசிமா மேடமும் அதில் இருந்தார்கள்.

பெட்டிக்கு முன்னால் நின்று சொன்னேன். அன்றைக்குக் கேரளாவுக்குப் போகிற லாரி வாசலில் நின்றது, டிரைவர் அவசரப்படுத்தினான், மீன் நாறிப்போய்விடும் என்று கத்தினான், கச்சான் காற்று இரைச்சலில் மிஷின் ஓடுவது ஊருக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். இரண்டு முப்பத்தைந்திலிருந்து பதினோரு நிமிஷம் மிஷினை ஓட்டினேன். மேடம் கேட்டபோது ஓட்டவில்லை என்று சொன்னேன். ஜெசிந்தா என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியுமாண்ணே?” என்று கேட்டாள்.

பிலவேந்திரன், “உன் வீட்டுக்காரர ஊர்விலக்குப் பண்ணினா நீயும் பிள்ளைகளும்லா தெருவுல நிப்பிய” என்றான்.

ஏரியல் நிமிர்ந்திருக்க வேண்டும், மற்றவர்கள் சொன்னதும் அவர்களை விட்டு நகர்ந்தது, எனக்கு நிமிரவில்லை. லாரன்சு மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, இன்னும் குனிந்துதான் இருக்கிறது என்று கத்தினான். அப்போது அமலோற்பவம் மூலையிலிருந்து முன்னால் வந்தாள்.

“பிலவேந்திரண்ணே, அன்னைக்கு நீங்க தரையில தட்டலையா?”

“தட்டுனேன்மா. மூணு மூணா நாலு தடவ தட்டுனேன். வயர்லெஸ்ஸ விட்டுட்டு எந்திரிச்சுக் கீழ போக முடியல, அந்தக் கரகரப்புக்குள்ள யாரோ கூப்பிடுத மாதிரி இருந்துச்சு.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “தட்டுனது உங்களுக்குக் கேட்டுச்சா, தொபியாஸ் அண்ணே?”

“மிஷின் சத்தத்துல எப்படிம்மா கேக்கும்? எனக்குக் கேக்கல” என்றேன்.

ஜெசிமா மேடம் தன் டப்பாவை மூடினார். “சரி, சோதிச்சுப் பாத்துருவோம்” என்றார். ஆனால் அமலோற்பவம் அவருக்கு முன்னால் பிள்ளையை ஜெசிந்தாவின் கையில் கொடுத்துவிட்டு, சுவரில் சாத்தியிருந்த துடுப்புக் கட்டையை எடுத்துக்கொண்டாள்.

“நீங்க கீழ போய் மிஷின ஓட்டுங்க. அன்னைக்கு ஓட்டின மாதிரியே பதினோரு நிமிஷம். நான் தட்டுவேன். தட்டினாலும் நிறுத்தக் கூடாது, அன்னைக்கு நிறுத்தலல்லா. ஓட்டி முடிச்ச பிறகு நான் கேக்கேன், நீங்க சொல்லுங்க.”

நான் இறங்கிப் போனேன். என்னோடு கயித்தானும் இன்னும் பத்துப் பேரும் வந்து சுவரோரம் நின்றார்கள். நெம்புகோலை இழுத்தேன், மிஷின் அலறியது, ஒவ்வொரு பாராக உள்ளே தள்ளினேன், ஐஸ் நொறுங்கிக் கூடையில் கொட்டியது. மேலே வயர்லெஸ்ஸில் தொழிலுக்குப் போன வள்ளங்கள் கடலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்ததாகவும், கரகரப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை என்றும் பின்னால் சொன்னார்கள். மூன்றாம் பாரை வைக்கும்போது என் தலைக்கு மேலே தரையில் மூன்று தட்டு விழுந்தது. துடுப்புக் கட்டையின் சத்தம் கான்கிரீட்டில் இறங்கி, சுவரில் இறங்கி, மிஷினின் இரும்புக் காலில் இறங்கி, என் உள்ளங்காலில் வந்தது. என் கை பதினோரு வருஷப் பழக்கத்தில் தானாக நெம்புகோலுக்குப் போனது, நான் அதைப் பிடித்து இழுத்து இன்னொரு கையால் அமுக்கிக்கொண்டேன். கயித்தான் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி மூன்று, மறுபடி மூன்று. நாலாவது தடவை அவள் பலத்தையெல்லாம் சேர்த்துத் தட்டினாள், கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து ஐஸ் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு தட்டு வரவில்லை. மீதி இருந்த நாலு நிமிஷமும் நான் உடைத்துக்கொண்டே இருந்தேன், நிறுத்தச் சொல்லி யாராவது ஒரு ஆள் கத்த மாட்டானா என்று இருந்தது.

நிறுத்தியபோது காது அடைத்துக் கிடந்தது. அவள் படியிறங்கி வருவது தெரிந்தது. கையில் கட்டையோடு என் முன்னால் வந்து நின்றாள், மூச்சு வாங்கியது, கோபம் இருக்கும் என்று நினைத்தேன், முகத்தில் கோபமே இல்லை.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு” என்றேன்.

“நான் இன்னைக்கு உள்ளதக் கேக்கல.”

நான் நொறுங்கிக் கிடந்த ஐஸைப் பார்த்தேன்.

“அன்னைக்கும் கேட்டுச்சு. நாலு தடவையும்” என்றேன்.

மேலே ஏரியல் நிமிர்ந்து கடல் பக்கம் திரும்புகிற சத்தம் வந்தது. “நூத்தி முப்பத்தஞ்சு” என்று ஜெசிமா மேடம் மாடியிலிருந்து சொன்னார். அதைப் பார்க்க யாரும் வெளியே போகவில்லை, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.